ஏழு சுற்று இட்லிப் பார்சல்

பம்புசெட் கம்பெனியின் புது வெப்சைட் பத்து மணிக்குத் திறந்தாக வேண்டும். மணி ஒன்பதரை. முதலாளி வந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கம் திறந்தபாடில்லை.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணு," என்றார் தலைமை புரோகிராமர் கோதண்டபாணி. இது ஏழாவது தடவை. "என் கோடுல தப்புன்னு யாராச்சும் வாயைத் திறந்தீங்க, இன்னையோட வேலை போச்சு. தவமணி, கீழே போய் இட்லி வாங்கிட்டு வா."

டெஸ்டர் தவமணிக்குத் தப்பு தெரியும். இணைய முகவரியில் இடைவெளி இருந்தால் அதை ஒரே ஒரு தடவை குறியீடாக மாற்ற வேண்டும். சாரின் புரோகிராமோ ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும், ஏற்கெனவே மாற்றிவைத்த முகவரியையே எடுத்து மறுபடி மாற்றிச் சேமித்தது. குறியீட்டின்மேல் குறியீடு ஏறி முகவரி நீண்டுகொண்டே போனதால்தான் பக்கம் திறக்கவில்லை.

பார்சல் வந்தது. கோதண்டபாணி காகிதத்தைப் பிரித்தார். உள்ளே இன்னொரு காகிதம். அதற்குள் இன்னொன்று. ஐந்தாவதில் பொறுமை போனது.

"ஒருக்கா சுத்தினதையே எந்த முட்டாளாவது திரும்பத் திரும்பச் சுத்துவானா?"

"பாதுகாப்புக்குத்தானுங்க சார்," என்றாள் தவமணி. "நீங்க ஸ்டார்ட் பண்ணச் சொன்னப்பல்லாம் முகவரிக்கு ஒரு சுத்து விழுந்துச்சுங்க. அதே கணக்குல இட்லிக்கும் ஏழு சுத்திட்டேன்."

முதலாளியின் கால் ஆட்டம் நின்றது. திரையில் வால் நீண்டு கிடந்த முகவரியைப் பார்த்தார்.

"இட்லியைப் பிரிச்சது போதும் பாணி. போய் முகவரியைப் பிரி."