மூன்று மடங்கு அங்கி

முன்னொரு காலத்தில் குறுந்துறை நாட்டைக் கோதண்டவர்மன் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் இட்ட கட்டளையை மாலையில் மறப்பவன். மறந்ததற்கும் பிறரையே தண்டிப்பவன். பதினோர் ஆண்டுகள் காத்திருந்த பின் அவனுக்கு ஓர் இளவரசன் பிறந்தான்.

குழந்தைக்கு உடை தைக்கத் தையற்காரி மருதாயியை அரசியே அழைத்தாள். தலைநகரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் வெட்டிய சட்டையில்தான் தவழப் பழகியவர்கள். ஆடை அதிகாரி ஆனந்தகூத்தருக்கு அது பொறுக்கவில்லை. தம்மைக் கேளாமல் அந்தப்புரத்துக்குள் ஒரு நூல்கூட நுழையக் கூடாது என்பவர் அவர். குழந்தையை அளக்க விடாமல், அரசனுடைய அங்கியின் வெட்டு மாதிரியை அவள்முன் விரித்தார். இளவரசர் என்பவர் சிறிய அரசர் என்பது அவர் வாதம். ஆகவே எல்லா அளவையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வெட்டு என்றார். கைக்குழந்தையின் தலை அந்தக் கணக்குக்கு அடங்காது என்று மருதாயி சொல்லிப் பார்த்தாள். தலையைப் பற்றித் தையற்காரி எனக்குச் சொல்ல வேண்டாம் என்று பதில் வந்தது.

பெயர்சூட்டு நாளில், நிறைந்த சபையில், அங்கி இளவரசனின் உச்சியோடு நின்றுவிட்டது. செவிலி இழுத்தாள், குழந்தை வீறிட்டது, காது மடல்கள் சிவந்துபோயின. ஆனந்தகூத்தர் முந்திக்கொண்டார். மாதிரி அரசருடையது, அதில் பிழை இருக்க முடியாது, பிழை தைத்தவளுடையது என்றார். மருதாயி இனிக் கத்தரிக்கோலைத் தொட்டால் நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. அவள் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கத்தரிக்கோலால்தான். கணவன் வீரபாகு வெற்றிலைச் செல்லத்தைத் தவிர வேறெதிலும் கை வைத்தவனல்லன்.

“தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன், மன்னா,” என்றாள் மருதாயி. “கடைசியாக ஓர் அங்கி, தங்களுக்கு. ஆடை அதிகாரியின் கணக்குப்படியே வெட்டுகிறேன். இளவரசர் சிறிய அரசர் என்றால், அரசர் பெரிய இளவரசர்தானே? பிள்ளையை அளந்து மும்மடங்காக்குகிறேன். பொருந்தினால் நானே எல்லை கடந்து போகிறேன்.”

புதுமை என்றால் அரசனுக்குப் பித்து; உடனே ஒப்புக்கொண்டான். தம் கணக்கைத் தாமே மறுக்க முடியாமல் ஆனந்தகூத்தரும் தலையசைத்தார்.

நான்காம் நாள் அரசன் அதை அணிந்து வந்தான். கழுத்துத் துளை இரு தோள்களையும் தாண்டி முழங்கை வரை சரிந்தது. கைப்பகுதி மணிக்கட்டை எட்டவில்லை. குழந்தையின் கோவணத் துணிக்காக விட்ட இடம் பின்னால் மூட்டைபோல் தொங்கியது. சபையோர் தரையைப் பார்த்தார்கள்.

எப்படி இருக்கிறது என்று அரசன் ஆனந்தகூத்தரைக் கேட்டான்.

“கம்பீரம், மன்னா. கச்சிதமான வெட்டு.”

“அப்படியானால் நீரே வைத்துக்கொள்ளும். நாளைத் தேரோட்டத்துக்கு இதை உடுத்திக்கொண்டு தேருக்கு முன்னால் நடந்து வாரும்.”

சபை சிரித்தது, சிரிக்கலாம் என்று தெரிந்த பிறகு. அரசன் மருதாயியின் தண்டனையை நீக்கினான். அரண்மனையின் தலைமைத் தையற்காரர் பதவியையும் ஆசனத்தையும் அவள் வீட்டுக்கே அளிப்பதாக அறிவித்தான். ஆனால் அந்த ஆசனத்தில் பெண் அமர்ந்த வழக்கம் இல்லை. ஆகவே வீரபாகு அழைக்கப்பட்டான். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பொன்னாடையை வாங்கிப் போர்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அங்கிருந்தவன்போல் உட்கார்ந்தான்.

“உனக்கு இன்னும் என்ன குறை, பெண்ணே?” என்று அரசன் பெருந்தன்மையோடு கேட்டான்.

“புதிய தலைமைத் தையற்காரருக்கு ஓர் ஊசியும் நூலும் கொடுங்கள், மன்னா. சபை பார்க்க ஒருமுறை கோக்கட்டும்.”

வீரபாகு அரசனைப் பார்த்தான். அரசன் ஆனந்தகூத்தரைப் பார்த்தான். ஊசி எடுத்துவர ஒருவரும் எழவில்லை. உணவு வேளை வந்துவிட்டது என்று சொல்லி அரசன் சபையைக் கலைத்தான்.