ஒரே கையெழுத்தில் இரண்டு இணையற்றவர்கள்

மூன்று பேர் பேச்சையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை யாருக்காகவும் இரக்கப்பட வேண்டாம்.

திருச்சியில் ஒரு கல்லூரி. அங்கே கணினியியலின் கோட்பாட்டுப் பக்கத்தை விரும்பிப் படித்தவர்கள் இருவர்தான்: ஜெசிந்தா, சாரங்கன். ஒரு வகைக் கணக்கை எந்தக் கணினியாலும் வேகமாகத் தீர்க்க முடியாது என்று ஜெசிந்தா நிரூபித்தாள். நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருப்பதைச் சாரங்கன் காட்டினான். அவனோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்து, கடைசியில் அந்த ஓட்டையை அவளே அடைத்தாள்.

இருவரும் முனைவர் படிப்புக்கு வெளிநாட்டில் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அங்கே மதிப்பெண்ணைவிட ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கே எடை அதிகம். அவளுடைய வேலையை அறிந்த ஆசிரியர் அருணகிரி ஒருவரே. அவரிடம் போனாள்.

"நீயே எழுதிட்டு வாம்மா. கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்." எல்லோருக்கும் அவர் சொல்வது அதுதான்.

"என்னைப் பத்தி நானே எப்படி சார் எழுதறது? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னுதானே அவங்க கேக்கறாங்க?"

"அப்ப வேற யாரையாவது எழுதச் சொல்லு. எனக்கு நேரமில்ல."

வாசலில் நின்ற சாரங்கன் சிரித்தான். "அரிச்சந்திரன் பேத்தி! விடு, நான் எழுதித் தரேன்."

"என்னமோ பண்ணு. எங்கிட்ட மட்டும் காட்டாத," என்று எரிச்சலோடு நடந்தாள்.

முதலில் அவன் தனக்கு எழுதிக்கொண்டான்: 'என் பணிக்காலத்தில் இவருக்கு இணையான மாணவரைக் கண்டதில்லை.' பிறகு அவளுக்கு எழுத உட்கார்ந்தான். அதைவிடக் குறைவாக அவளைச் சொல்ல மனம் வரவில்லை. அதே வரியை எழுதினான். அருணகிரி இரண்டையும் வாசிக்காமல் கையெழுத்திட்டு அனுப்பினார்.

பல்கலைக்கழகம் பதில் எழுதியது. ஒரே ஆண்டில் இணையற்ற மாணவர் இருவர் எப்படி இருக்க முடியும்? இந்தக் கையெழுத்தை நம்ப இயலவில்லை. இரு விண்ணப்பங்களையும் விலக்குகிறோம்.

ஜெசிந்தா அருணகிரியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். பின்னாலேயே சாரங்கன்.

"எதுல கையெழுத்துப் போடறோம்னுகூடப் பாக்க மாட்டீங்களா சார்?"

"உன்னை எழுதச் சொன்னேன். எழுதினியா? சொன்னதைக் கேட்டிருந்தா இது வருமா?"

"உனக்கு நல்லதுதானே எழுதினேன் ஜெசி," என்றான் சாரங்கன். "அந்த வரி உனக்கு நிஜம்."

"எனக்கு நிஜம்னா உனக்கும் எப்படிடா எழுதின?"

"எனக்கும் இடம் வேணும்ல? என்னமோ பண்ணுன்னு சொன்னது யாரு?"

அழுதால், தான் மன்னித்துவிட்டதாக இவர்கள் நினைப்பார்கள் என்று ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத மறுத்து ஒதுங்கியவள், பொய்யை எழுதியவன், படிக்காமல் ஒப்பமிட்டவர். ஜெசிந்தாவின் இடத்தைப் பறித்தது யார்?

விடை: சாரங்கன் ஒரு பொய்யும் ஓர் உண்மையும் எழுதினான். ஆனால் பல்கலைக்கழகம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆசிரியர் பேனாவைத் திறக்கும்வரை அவை வெறும் தாள்கள். ஜெசிந்தா கைகழுவியது பிழைதான். அதற்கு முன்னால், அவள் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டாள். இரண்டில் எது பொய் என்று சொல்லும் தகுதியும் கடமையும் உள்ளவர் அருணகிரி. அவர் வாசிக்கவில்லை. பறித்தவர் அவரே. இன்றைக்கும் அவருடைய அறை வாசலில் பிள்ளைகள், தங்களைத் தாங்களே புகழ்ந்து எழுதிய தாள்களோடு, வெட்கத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.