அவையடக்கம்

பூவநாதக் கவிராயர் வாயில் மூன்று பற்கள்தான் மிச்சம். அவையும் விழுவதற்குள் அவருடைய நூலை அரண்மனையில் பாட வைத்துவிட வேண்டும் என்று ஆவுடையப்பன் தவியாய்த் தவித்தான்.

அவன் சீடனாகச் சேர்ந்து இருபது வருஷம். காதோரம் நரைத்துவிட்டது. இந்த இருபது வருஷமும் கவிராயர் ஊர் ஊராக நடந்தது தனக்காக அல்ல. யாராவது ஒருவன் சுவடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். உட்கார்ந்து கேட்பார். பாட்டு பிடித்துவிட்டால் போச்சு. நூலைப் புகழ்ந்து தானே சிறப்புப்பாயிரம் எழுதிக் கொடுத்து, கூடவே நடந்து போய், சமஸ்தானத்தில் அவனுக்காக வாதாடுவார்.

சமஸ்தானத்து அவையில் வருஷத்துக்கு ஒரு நூலைத்தான் ஏற்பார்கள். ஏற்றதைப் பன்னிரண்டு படி எழுதிப் பன்னிரண்டு மடங்களுக்கு அனுப்புவார்கள். அது தலைமுறை தாண்டும். வீட்டில் எத்தனை படி எழுதி வைத்தாலும் கறையானுக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

அப்படி அவர் கரையேற்றிய நூல்கள் ஒன்பது. அவருடைய சொந்தக் கோவை, நானூறு பாட்டு, பரணில் கிடந்து ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

மழை பொய்த்துச் சமஸ்தானம் நொடித்துவிட்டது. இந்த வருஷத்தோடு அவை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

"இந்தத் தடவை உங்க நூல்தான்" என்றான் ஆவுடையப்பன்.

"சரி."

"சும்மா சரின்னா ஆச்சா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"இப்ப சரின்னது எதைத் திறந்து?"

மூன்று நாள் நடை. சுவடிக்கட்டை ஆவுடையப்பன் தலையில் சுமந்தான். ஒவ்வொரு நிழலிலும் கவிராயர் உட்கார்ந்து எழுந்தார்.

இரண்டாம் நாள் உச்சி வேளையில், வழியில் அச்சு முறிந்து ஓர் உப்பு வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரி ஒற்றை மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி பாடிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அதன் ஜோடி மாட்டைப் பற்றிய பாட்டு.

"சுமையெல்லாம் இறக்கி வச்சும்
குனிஞ்சபடி நின்னியே"

கவிராயர் நின்றுவிட்டார். ஆவுடையப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஐயா, வெயில் ஏறுது. வாங்க."

அவர் காதில் விழவில்லை. "இது யாரு கட்டின பாட்டும்மா?"

"நாந்தான் சாமி. எனக்கு வேற யாரு கட்டித் தருவா?"

"எவ்வளவு நீளம் வரும்?"

"உப்பளத்துல தொடங்கினா மலையடிவாரம் வரைக்கும் வரும்."

"எழுதி வச்சிருக்கியா?"

அவள் சிரித்தாள். "எதுல? உப்பு மூட்டையிலயா?"

கவிராயர் புழுதியில் உட்கார்ந்தார். அவள் பாடினாள். இன்னொரு தரம் பாடச் சொன்னார். மூன்றாவது தரமும் கேட்டபோது, "போதும் சாமி, இருக்குற ஒரு மாடும் ஓடிப்போயிரும்" என்றாள்.

"உன் பேரு என்ன?"

"சடைச்சி."

ஆவுடையப்பன் சுவடிக்கட்டை மடியில் வைத்து, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு வழி நெடுக அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. கோவையைத்தான் மனப்பாடம் பார்க்கிறார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

மறுநாள் உச்சிக்குள் போய்ச் சேர்ந்தார்கள்; அன்று மாலையே அவை கூடியது. ஆவுடையப்பன் கட்டை அவிழ்த்து, முதல் ஏட்டை எடுத்துக் கையில் கொடுத்தான்.

எந்த நூலும் அவையடக்கத்தோடுதான் தொடங்கும். எவ்வளவு பெரிய கொம்பனும் 'நான் அற்பன், என் பாட்டு அற்பம்' என்று ஒரு செய்யுள் பாடிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். அதை யாரும் நம்புவதில்லை. பாடுகிறவன் முதலில் நம்புவதில்லை.

கவிராயரும் பாடினார். சூரியனுக்குப் பந்தம் பிடிக்க மின்மினி வந்தது போல் நான் வந்தேன் என்று முடித்தார்.

"ஆகா, என்ன அடக்கம்!" என்றார் அவைப்புலவர்.

"அடக்கமில்லை" என்றார் கவிராயர். "நெசமாத்தான் சொல்றேன். எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது."

அவை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஏட்டை ஆவுடையப்பனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதைவிடப் பெரிய பாட்டு ஒண்ணு கேட்டேன். அதைப் பாடறேன். கட்டினவ பேரு சடைச்சி. உப்பு விக்கிறவ."

அவைப்புலவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் பாட்டு தொடங்கிவிட்டது. பாதியில் வாசல் காவலர்கள் உள்ளே வந்து நின்றார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. முடிந்தபோது ராஜா ஏடெழுதுகிறவர்கள் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு, "கவிராயரே, உங்கள் நூல்?"

"வருஷத்துக்கு ஒண்ணுதானே, மகாராஜா."

திரும்பும் வழியில் ஆவுடையப்பன் தலையில் கட்டு கனத்தது. ஒரு குளக்கரையில் கவிராயர் படியில் உட்கார்ந்து காலை நீரில் விட்டார். பாதம் வீங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இனிமே அவை கிடையாது."

"கிடையாது."

"உங்க பாட்டு உங்களோட போயிரும்."

"போயிரும்."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா, ஐயா?"

"இல்லாம இருக்குமா? இருபத்தெட்டு வருஷம் உக்காந்து எழுதினேன்." அவர் தண்ணீரைப் பார்த்தார். "ஊருக்குப் போகவே மனசில்லை."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு ஏதோ பெரிய வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தான்.

"பின்னே எதுக்கு? உங்க நூலைப் பாடிட்டு வந்திருக்கலாமே! அந்தப் பொம்பளை உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை. நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாது. அவ பாட்டை ஏன் பாடலைன்னு உலகத்துல ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"வாஸ்தவம்."

"பின்னே?"

கவிராயர் ஒவ்வொரு காலாக நீரிலிருந்து எடுத்தார்.

"காதால கேட்டுத் தொலைச்சிட்டேனேப்பா."