அரண்மனையைப் பார்த்த வாசல்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலை ஒட்டிக் கிடந்த ஒரு தேசத்தை மகரவர்மன் என்கிற ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் காதில் கடைசியாக ஓதியவர் யாரோ, அன்றைக்கு அவர்தான் ஆண்டார். ஒருநாள் ஓதியவர் வல்லபராயர் என்கிற பிரபு. ராஜாவுக்குப் பக்கத்து இருக்கை மந்திரி அறவாழிக்குப் போனதில் வயிறெரிந்துகொண்டிருந்தவர். தன் விசுவாசத்தை ஒரு படி உயர்த்திக் காட்ட வேண்டியிருந்தது அவருக்கு.

"மகாராஜா, கடற்கரைக் குப்பத்தில் நாற்பது வீடும் கடலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அரண்மனைக்கு முதுகைக் காட்டுகிறார்கள்" என்றார்.

எல்லா வீட்டு வாசலும் அரண்மனையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று அன்றே முரசறைந்தார்கள். நகரத்து ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்சுவரை இடித்தார்கள். விருந்தாளிகள் அடுப்பைத் தாண்டி வீட்டுக்குள் வந்தார்கள். காற்றோட்டம் பிரமாதம் என்று புகழ்ந்தும் போனார்கள். வெட்கம் கெட்ட ஊர்.

குப்பத்துக்காரர்கள் மட்டும் மாட்டோம் என்றார்கள். பொழுது சாய்ந்ததும் வாசல்தோறும் விளக்கு வைப்பது அவர்கள் வழக்கம். அந்த வெளிச்ச வரிசையைப் பார்த்துத்தான் படகுகள் பாறைகளுக்கு நடுவே வழி கண்டு கரையேறும். அவர்களை அடக்கப் படை போகவில்லை, அதற்கு வேலையே வைக்கவில்லை. இத்தனை நாள் அவர்களிடம் மீன் வாங்கித் தின்ற ஊர்க்காரர்களே செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போய் நாற்பது வாசலையும் அடைத்துவிட்டு வந்தார்கள். மணலில் விளக்கேற்றிய கிழவரை, எதிரிக்குச் சேதி சொல்கிறார் என்று பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

மறுநாள் பவளாயி என்கிற குப்பத்துப் பெண் மந்திரியைத் தேடி வந்தாள்.

"எம் பையன் கொளஞ்சி கடல்ல இருக்கான் ஐயா. அவன் போனப்ப இந்த ஆணையெல்லாம் கிடையாது. திரும்பி வர்றதுக்குள்ள வாசலைத் தொறந்துவிடச் சொல்லுங்க."

அறவாழி நல்லவர்தான், மூளையும் கூர்மை. ஆணை பிறந்தபோது வாய் திறக்காததற்குக் காரணம், அவர் வீட்டு வாசல் முன்பே அரண்மனையைப் பார்த்து இருந்ததுதான். இப்போது அவருக்கு அருமையான தந்திரம் ஒன்று உதித்தது. ஆனால் அதற்கு நிறைந்த சபை வேண்டும், வல்லபராயரும் எதிரே இருக்க வேண்டும். பௌர்ணமிக் கொலுவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை பொறுத்துக்கொண்டு, வாசலை அடைத்த செங்கல் ஒன்றோடு கொலுவுக்கு வரும்படி சொல்லி அனுப்பினார்.

கொலு கூடியது. காவலர்கள் வெளியே பார்த்தபடி ராஜாவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்களே, இது அடுக்குமா என்று அறவாழி கேட்டார். வல்லபராயர் முந்திக்கொண்டு, அத்தனை காவலரையும் ராஜாவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பவளாயி வந்தாள். யாரும் சுதாரிப்பதற்குள் சிம்மாசனத்தை நெருங்கி, கொண்டுவந்ததை ராஜாவின் மடியில் வைத்தாள்.

ராஜா அலறினான். "யார் இவளை உள்ளே விட்டது?"

"உங்கள் ஆணைதான், மகாராஜா. உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன்தான் உங்களை நோக்கி வரும் ஆபத்தைப் பார்க்கிறான். குப்பத்தார் இத்தனை காலமும் கடலைப் பார்த்து நின்றவர்கள்" என்றார் அறவாழி.

ராஜாவுக்கு உறைத்தது. அங்கேயே ஆணையை ரத்து செய்தான். வல்லபராயரின் பட்டத்தைப் பிடுங்கி, நாற்பது வாசலையும் தன் கையாலேயே இடித்துத் திறக்கும்படி அனுப்பினான். தன் பீதாம்பரத்தை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். அந்த ஆணை தங்களுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை என்பதுபோல் சபை கைதட்டியது.

அப்போதுதான் அறவாழி ராஜாவின் மடியைப் பார்த்தார். அங்கே இருந்தது செங்கல் இல்லை, பாதியில் முறிந்த துடுப்பு.

"முந்தாநேத்து கரை ஒதுங்குச்சு. இது மட்டுந்தான் ஒதுங்குச்சு" என்றாள் பவளாயி. "நான் வந்த அன்னைக்கே நீங்க ராஜாகிட்ட தனியாப் போய் இப்ப சொன்னதைச் சொல்லியிருக்கலாமே ஐயா. கைதட்ட ஆளிருக்காதுன்னு விட்டுட்டீங்களா?"

அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை குப்பத்தில் நாற்பது விளக்கும் எரிந்தன. மற்றவர்களின் பிள்ளைகள் கடலில் இருந்ததால் அவளும் ஏற்றினாள். நகரத்தில் மட்டும் ஒருவரும் பழைய வாசலைத் திறக்கவில்லை, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை அந்த ஊரில் இன்றைக்கும் விரும்பிச் சொல்கிறார்கள், மந்திரியின் கெட்டிக்காரத்தனத்துக்காக.