முருங்கைக்குச் சாணிக் கிரீடம்

அந்தக் காலத்தில் மரங்கள் வாய் ஓயாமல் பேசும். கொல்லையில் நாலு மரம் நின்றால் வீட்டுக்காரர்கள் தூங்கின மாதிரிதான். அரிவாள் பட்ட மரத்தோடு மற்ற மரங்கள் பேச்சு வைத்துக்கொள்ளாது. அதனால் எந்த மரமும் ஒரு குச்சியைக்கூட வெட்ட விடாது.

உத்திராபதி, காத்தாயி என்ற புருஷன் பெண்சாதி வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. இன்றைய முருங்கை மாதிரி நோஞ்சான் இல்லை. தென்னைமேல் இன்னொரு தென்னையை நிறுத்தினால் அதன் இடுப்புக்கு வரும். போகிற மேகம் உச்சியில் மாட்டிக்கொள்ளும். உத்திராபதி ஏறித் தள்ளிவிட்டால்தான் அடுத்த ஊருக்கு மழை. அந்த உசரத்துக்கு ஏற்ற கர்வமும் இருந்தது. பக்கத்து வேம்பிடம், "என்னடா குட்டையா, கீழே சௌக்கியமா?" என்றுதான் பேச்சையே தொடங்கும்.

ஓர் ஐப்பசியில் அடைமழை விட்டதும் பார்த்தால், முருங்கையின் உடம்பு முழுக்கக் கம்பளிப்பூச்சி. உதறியது, சிலிர்த்தது, ஒன்றும் விழவில்லை. வேம்பு விடுமா? "என்ன பெரியவரே, ரொம்பக் குளிருதோ? கம்பளி போத்திக்கிட்டு நிக்கிறீங்க."

பூச்சி கொல்லையோடு நிற்கவில்லை. கூரை வழியாக இறங்கித் தூளிக்குள் விழுந்தது. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போய்விட்டது. உத்திராபதி கடப்பாரையைத் தூக்கினான். மரத்தை வேரோடு தோண்டி எரித்துவிட்டுத்தான் சோறு என்றான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறியதே இந்தக் கீரையால்தான் என்று காத்தாயி மறித்துப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. கடப்பாரை வேரோரத்தில் இறங்கியது.

அப்போதுதான் முருங்கை வாய் திறந்தது.

"நிறுத்து உத்திராபதி. பூச்சி ஒடம்புலயும் தலையிலயும் இருக்கு. வேரு ஒனக்கு என்ன பண்ணுச்சு? தலையை எடுத்துக்க. தை கழிஞ்சும் நான் எந்திரிக்கலன்னா அப்பறம் தோண்டு."

வேம்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்டுப்பட்டு நிற்பதைவிடச் சாவதே மேல் என்று அதட்டியது.

"அப்ப நீ செத்துக் காட்டு. நான் தழைச்சுக் காட்டுறேன்" என்றது முருங்கை.

உத்திராபதி கோடரியை எடுத்து இடுப்பளவில் ஓங்கிப் போட்டான். வைரம் பாய்ந்த கட்டை அது. கோடரிதான் மழுங்கியது. மறுபடி கடப்பாரைப் பக்கம் அவன் கை போவதை முருங்கை பார்த்தது. பார்த்துவிட்டு, எந்த மரமும் செய்யாத காரியத்தைச் செய்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, தன் வைரத்தைத் தானே தளர்த்தி, உள்ளேயெல்லாம் பஞ்சாக்கிக்கொண்டது. அடுத்த வெட்டில் அத்தனை உசரமும் வயல்வெளியில் சாய்ந்தது. கிளையும் பூச்சியும் ஒன்றாக எரிந்தன.

மேலே மறுபடி மழைக் கருக்கல் கட்டியது. வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் அழுகிவிடுமே என்று காத்தாயிக்குப் பதைப்பு. வாசல் தெளிக்க வைத்திருந்த சாணியை ஒரு கை அள்ளி வந்து அதன்மேல் அப்பினாள்.

வேம்பு சிரித்த சிரிப்பில் அதன் இலை பாதி உதிர்ந்துவிட்டது. வெட்டுப்பட்ட மரத்தோடு பேசக்கூடாதே, அதனால் அந்தப் பக்கம் நின்ற மாமரத்திடம், தலை போய்ச் சாணி வந்ததா என்று கேட்டது.

"கிரீடம் சூட்டுறப்ப ராசாவே குனியணும். நான் குனியக்கூட இல்ல பாத்தியா?" என்றது முருங்கை.

தை முடியுமுன் சாணியைச் சுற்றித் துளிர் முட்டியது. மாசியில் பூ. பங்குனியில் கொத்துக் கொத்தாகக் காய், அதுவும் காத்தாயி நின்ற இடத்திலிருந்தே பறிக்கிற உயரத்தில். தடிப்பு ஆறிய பிள்ளை தவழ்ந்து வந்து ஒரு காயைப் பிடித்துத் தொங்கிற்று. உத்திராபதி கடப்பாரையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டான். மாமரம் மெல்ல முருங்கையிடம், தன் காய்ந்த கிளைகளையும் கழித்துவிடச் சொல்லி அவனிடம் சிபாரிசு செய்ய முடியுமா என்று கேட்டது. வேம்பு மட்டும் முகத்தை அடுத்த கொல்லைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அந்த ஐப்பசி தொட்டுத்தான், பூச்சி வருமுன்னே முருங்கையின் தலையைக் கழித்து, வெட்டுவாயில் சாணி அப்புகிறோம். தளர்த்திய கட்டையை அதுவும் திரும்ப இறுக்கிக்கொள்ளவே இல்லை. சும்மா தொட்டாலே ஒடிகிற மரம் என்று யாராவது இளக்காரம் பேசினால், அந்த ஒடிந்த கிளையை ஈரமண்ணில் செருகிவிட்டுக் கொஞ்சநாள் பொறுக்கச் சொல்லுங்கள். பதிலை அதுவே சொல்லும்.