வளையத்துக்குள் நின்ற தண்ணீர்

"மேடம், இந்த மண்ணு ஏன் தண்ணியை உள்ளேயே விட மாட்டேங்குது?"

கேட்டுக்கொண்டேதான் வந்தார் தண்டபாணி.

யசோதா வெள்வேல மரத்து நிழலில் உட்கார்ந்து, வெட்டிய புல்லை எடை போட்டுக் காகிதப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். மேய்ச்சல் நிலத்து மண்ணும் நீரும் புல்லும்தான் அவருடைய படிப்பு. தண்டபாணி அவருடைய ஆராய்ச்சி மாணவர்.

மாணவர் என்றதும் மீசை அரும்புகிற பையன் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரியில் பாடம் நடத்தி நடத்தியே தலை நரைத்த மனுஷன். குருவைவிடச் சீடருக்குத்தான் வயசு கூட. அதனால் குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார்.

"எங்கே ஊத்துனீங்க?"

"புல்லுக்குள்ள ஊத்துனா மடக்கு மடக்குனு குடிக்குது மேடம். அந்தப் பொட்டல் திட்டுல ஊத்துனா அப்படியே நிக்குது. மண்ணா, சிமெண்டுத் தரையானே தெரியல."

அவர்கள் செய்வது பெரிய மாயமந்திர வேலை ஒன்றுமில்லை. இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்க வேண்டும். உள்ளே தண்ணீரை ஊற்ற வேண்டும். மண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும்.

யசோதா தராசிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பொட்டல்ல ஊத்துறதுக்குத் தண்ணி ஏது சார்? ஜீப் பஞ்சராகி, கேன் எல்லாம் என்கூட ரோட்டுல நின்னுச்சே."

தண்டபாணி கையிலிருந்த ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது குருவின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

நடந்தது இதுதான்.

காலையில் கொண்டுபோன தண்ணீரை எல்லாம் புல்தரை குடித்துத் தீர்த்துவிட்டது. பொட்டலில் வளையத்தை அடித்து வைத்தாயிற்று, ஊற்றத்தான் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். இன்றைக்கு அளவு எடுக்காவிட்டால் கோடை முழுக்கச் செய்த வேலை அரைகுறையாக நிற்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாவாத்தாள் குடத்தோடு வந்தாள். அந்தக் கொரங்காட்டில் செம்மறி மேய்ப்பவள். கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கும் மேய்ச்சல் காட்டைக் காங்கயம் பக்கத்தில் கொரங்காடு என்பார்கள். கோடையில் அங்கே குழாய்த் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை.

"அக்கா, ரொம்பத் தாகமா இருக்குது. குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றார் தண்டபாணி.

மண்ணில் ஊற்ற என்று சொன்னால் தரமாட்டாள் என்று மனுஷன் கணக்குப் போட்டார். படித்த மூளை அல்லவா, இதற்கெல்லாம் வேகமாக வேலை செய்யும்.

பாவாத்தாள் குடத்தைப் பார்த்தாள். ஆட்டுப் பட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"இந்தாங் சார். தவிச்ச வாய்க்கு இல்லீனு சொல்லலாமுங்களா? குடிச்சுப்போட்டு மிச்சத்தை இங்கியே வெச்சிருங். விடியால ஒரு ஆடு குட்டி போட்டிருக்குதுங், அதுக்குத்தான் கொண்டுபோறேன். தண்ணி காட்டலீன்னா குட்டிக்குப் பால் இறங்காதுங்."

குடத்தைக் கொடுத்துவிட்டு ஆடுகளைத் திருப்பப் போனாள்.

தண்டபாணி குடத்தை எடுத்துக்கொண்டு போய் வளையத்துக்குள் கவிழ்த்தார்.

நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி குந்தியிருந்தபோது, பின்னால் நிழல் விழுந்தது.

"மண்ணுக்குங்களா சார் கேட்டீங்?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவாத்தாள் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மண்ணுக்குனே சொல்லியிருக்கலாமுங்களே. ஆட்டுக்கு வெச்சுப்போட்டு மீதியக் குடுத்திருப்பனுங்."

அவள் போன பிறகு அவர் வளையத்துத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். சேறுதான் வந்தது. வளையத்தைப் பிடுங்கியதும் இருந்த கொஞ்சமும் பொட்டலில் வழிந்து ஓடிக் காய்ந்துபோயிற்று. புல்லுக்கும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை.

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குது மேடம்" என்றார் தண்டபாணி.

"அளவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"ம்."

அந்த 'ம்' அவரை என்னவோ செய்தது. சடாரென்று எழுந்தார்.

"இப்பத்தான் ஜீப் வந்துருச்சே. ரெண்டு கேன் தண்ணியைக் கொண்டுபோய் அந்தம்மாகிட்டக் குடுத்துட்டு வந்துடறேன்."

"கேனை நான் கொண்டு போறேன். நீங்க வெறுங்கையோட போங்க."

"போய்?"

"குடிக்கத் தண்ணி கேளுங்க."

"ஐயோ மேடம்! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

"இருக்கிற மூஞ்சியைத்தான். அந்த ஸ்டாப்வாட்சைக் குடுத்துட்டுப் போங்க."

ஏன் எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. கொடுத்துவிட்டு நடந்தார்.

பட்டி பக்கத்தில்தான். ஆனாலும் நடை ஓயவில்லை. நாலு பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்துபோனவர் மாதிரி கூசிக்கூசிப் போனார். 'அவள் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா' என்று ஒரு நப்பாசை.

போகவில்லை. பட்டிக்குள் குந்தியிருந்தாள். ஈன்ற ஆடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

"என்னங் சார்?"

"தண்ணி..."

பாவாத்தாள் நிமிர்ந்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மண்ணுக்குங்களா, உங்களுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க."

அவள் எழுந்தாள். படல் ஓரமாகத் தொங்கிய தூக்குப்போசியை எடுத்தாள். அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.

நீட்டிவிட்டு, குடிக்கிறாரா இல்லையா என்று பார்க்க நிற்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு ஆட்டிடம் போய்விட்டாள்.

நின்று பார்த்திருக்கலாம். பார்க்கட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

வெளியே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யசோதா கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆடு காதை விடைத்தது. பாவாத்தாள் அதை ஓட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அது தலையை விட்டுக் குடித்தது, மூச்சு விடாமல் குடித்தது.

தண்டபாணி டம்ளரோடு பின்னாலேயே போனார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, காலையில அப்படிப் பண்ணினவனுக்கு எப்படி நம்பித் திரும்பவும் குடுத்தீங்க?"

பாவாத்தாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது.

"தண்ணி வேணும்னீங்களே?" என்றாள்.

தண்டபாணி டம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டார்.

இறங்கவில்லை. தொண்டையிலேயே நின்றது.

தொட்டிக்கு அந்தப் பக்கம் யசோதா அவரையே பார்த்தபடி ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.