பால் வாங்கப் போன தரகர்

பாரிஸில் சமையல் வேலை பார்த்த பூங்காவனத்துக்குச் சொந்த வீடு வாங்க ஆசை. பிரான்சின் உட்பகுதியில், யாருக்கும் பேர் தெரியாத ஒரு சிற்றூரில் மலிவாக ஒரு வீட்டைக் காட்டினார் புதுச்சேரிக்காரத் தரகர் லூர்துநாதன்.

"அஞ்சு நிமிஷத்துல கடை! முன்பணத்தை இப்பவே கொடும்மா. உனக்குப் பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க" என்று அதட்டினார்.

"பால் காய்ச்சிட்டுத் தந்துடறேன் ஐயா. நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன், நீங்க அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடுங்க."

பால் காய்ச்ச வேண்டாம் என்று எந்தத் தமிழன் சொல்வான்? காரில் பறந்தவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் பூங்காவனம் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டாள். ஆறு வருஷமாக அந்த வீட்டை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

பால் பொங்கியது.

"ஏன் ஐயா இவ்வளவு நேரம்? அந்தப் பத்துப் பேரும் கடையில வரிசையா நின்னாங்களோ?"

லூர்துநாதன் அசடு வழிந்தார். வீடு பாதி விலைக்குப் படிந்தது.

"கடையே இல்லாத ஊர்ல என்னம்மா பண்ணப்போறே?"

"கடை வைக்கப்போறேன்!" என்று துள்ளினாள் பூங்காவனம். "இனிமே அஞ்சு நிமிஷத்துல கடைன்னு நீங்க தைரியமா சொல்லலாம்."